எலிப்பல்லுக்குள் ஒரு சாரம்

எலியின் முன்பல் ஆயுசு முழுக்க வளரும். அதனால் ஒரே பல்லை நீளவாக்கில் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் எனாமல் உருவாகும் எல்லாக் கட்டங்களும் வரிசையாகத் தெரியும்.

வேர்ப்பக்கம் இருக்கும் இளம் எனாமல் கெட்டியாகவே இருக்காது, மெத்தென்ற புரதக் கூழ்தான். அந்தப் புரதத்தில் சுமார் 90 சதவீதம் அமிலோஜெனின். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது சுமார் 20 நானோமீட்டர் உருண்டைகளாகத் தெரியும். அவற்றின் நடுவே கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் மெல்லிய நாடாக்களாக நீளும்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுவது போலத்தான். பிறகு நொதிகள் புரதத்தை வெட்டி அகற்ற, காலியான இடத்தில் படிகம் தடிக்கும். கடைசியில் எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். சாரம் பிரிக்காவிட்டால் எனாமல் மென்மையாகவே நின்றுவிடும்.

எலிக்குப் புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கும். மனிதருக்கோ பல் முளைத்ததும் எனாமல் கட்டிய செல்கள் அழிந்துவிடும். சொத்தை விழுந்தால் திரும்பக் கட்ட ஆளில்லை. ராத்திரியும் பல் தேய்க்கலாமே!