பாட்டிக்கு பஸ் ஃப்ரீ, கோயிலுக்கு டிக்கெட் இல்லை... சீனியர்களுக்கான சிக்கன காஞ்சி டூர்!

"நமக்கெதுக்கு இந்த வயசுல வீண் செலவு?" - ஊர் சுற்றிப் பார்க்க ஆசை இருந்தும், பல வீடுகளில் பெரியவர்கள் இப்படிச் சொல்லியே தள்ளிப்போடுகிறார்கள். ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவிகிதம் எனக் கிடைத்துவந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்டது. ஆனாலும், காஞ்சிபுரத்துக்குக் கையைக் கடிக்காமல் போய்வரலாம்.

எப்படிப் போவது?

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு எலெக்ட்ரிக் ரயில் உண்டு. முன்பதிவு தேவையில்லை; கட்டணமும் குறைவு. ஆனால், ஒரு நாளில் சில ரயில்கள்தான். திரும்பி வரும் ரயிலின் நேரத்தையும் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. சென்னையில் ரயில் நிலையம் வரை செல்ல, 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் இருக்கின்றன. காஞ்சியில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாட்டிக்கு டிக்கெட் ஃப்ரீ. தாத்தாதான் பர்ஸைத் திறக்க வேண்டும்!

எதைப் பார்ப்பது?

மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலைப் பார்க்க நுழைவுக் கட்டணம் உண்டு. அதைக் கட்டிய அதே ராஜசிம்ம பல்லவன் 8-ம் நூற்றாண்டில் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்குக் கட்டணமே இல்லை. திருச்சுற்று முழுக்க 58 சிறு சந்நிதிகள், மணற்கல் சிற்பங்கள் என ஆற அமரப் பார்க்க நிறைய இருக்கிறது. கருவறையைச் சுற்றிவர ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்து நுழைய வேண்டும் என்பதால், மூட்டுவலி உள்ளவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் மூன்று தளங்களில் அருளும் வைகுண்டப் பெருமாள் கோயிலிலும் கட்டணம் இல்லை. அதன் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறே சிற்பமாக இருக்கிறது.

எதில் கவனம்?

பெரும்பாலான கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வெயில் ஏறினால் கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. காலையிலேயே போய்விட்டால் காலும் தப்பிக்கும், மதியக் காத்திருப்புச் செலவும் மிச்சம்.

ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். "நல்ல பட்டுக்கடை காட்டுறேன்" என்று யாராவது கூப்பிட்டால் புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள். சேலை வாங்கும் எண்ணம் இருந்தால், கோ-ஆப்டெக்ஸ் அல்லது நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்தில் விலை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசே அழைத்துப்போகும்!

இந்து சமய அறநிலையத் துறை, ஆடியில் அம்மன் கோயில்களுக்கும் புரட்டாசியில் பெருமாள் கோயில்களுக்கும் 60 முதல் 70 வயதுள்ள பக்தர்களைக் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. வருமான வரம்பு உண்டு. அறிவிப்பு வந்ததும் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளே... ரயில் நேரத்தைப் பார்த்துச் சொல்லி, ஒரு தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் எடுத்துக் கொடுத்தால் போதும். அப்பாவும் அம்மாவும் தெம்பாகக் கிளம்பிவிடுவார்கள்!