32 அங்குலத்தில் பதினான்கு மணி நேரம்

துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 11,000 கிலோமீட்டர். பயண நேரம் பதினான்கு மணி. இந்தத் தூரத்தைக் கடக்க எகானமி வகுப்புப் பயணிக்குத் தரப்படும் இடம் ஏறக்குறைய 32 அங்குலம். ஓர் இருக்கையின் ஏதாவதொரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரையிலான இந்த அளவை விமானத் தொழிலில் ‘பிட்ச்’ என்கிறார்கள். இருக்கையின் தடிமனும் இதில் அடக்கம் என்பதால் முழங்காலுக்கு மிஞ்சுவது இன்னும் குறைவு. அகராதிப்படி எகானமி என்றால் சிக்கனம். சிக்கனம் பிடிப்பது பயணியா, விமான நிறுவனமா என்பது உட்கார்ந்த இரண்டாவது மணி நேரத்தில் புரிந்துவிடும்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போகும் அம்மாக்கள் துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்பர்ட் என்று எங்காவது இறங்கி மாறியாக வேண்டும். டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகள் கட்டணத்தைப் பார்க்கிறார்கள், காத்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறார்கள். எந்த ரக விமானம் என்று கேட்பவர்கள் அபூர்வம். ஆனால் உடம்பு படும் பாட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

எமிரேட்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் ஏ380 விமானத்தின் கீழ்த்தளத்தில் வரிசைக்குப் பத்துப் பேர். போயிங் 777லும் பத்துப் பேர்தான். ஆனால் 777இன் உடல் குறுகலானது. ஆகவே முன்னதில் சுமார் 18 அங்குலம் அகலமுள்ள இருக்கை பின்னதில் 17 ஆகிவிடுகிறது. ஓர் அங்குலம்தானே என்று தோன்றலாம். பக்கத்து இருக்கைக்காரரின் தோளோடு அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1995இல் 777 வந்தபோது பல நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது பேரைத்தான் உட்காரவைத்தன. பத்தாவது நபர் பிறகு வந்து சேர்ந்தவர். 787இலும் இதே கதை. எட்டுப் பேர் தாராளமாக உட்காரக்கூடிய அகலத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது இருக்கைகளை வைத்திருக்கின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸ் தனது வெளிநாட்டுச் சேவைகளில் எட்டோடு நிறுத்திக்கொண்டது. எகானமி வகுப்புக்கு யாராவது விருது கொடுப்பதென்றால் இதற்காகவே கொடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத வசதி ஒன்றும் உண்டு. பழைய விமானங்களின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போல, அதாவது ஊட்டிக்கும் மேலே இருப்பதைப் போலக் குறையலாம். 787, ஏ350 விமானங்களில் இது 6,000 அடி, குன்னூர் உயரம். காற்றில் ஈரப்பதமும் சற்று அதிகம். இறங்கும்போது தலை கனப்பதில்லை.

திரைகளுக்கு வருவோம். பழைய ஜம்போ விமானங்களில் நடுவே ஒரே திரை, எல்லோருக்கும் ஒரே படம். முன்னால் உயரமானவர் உட்கார்ந்துவிட்டால் பாதிப் படம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உயர்த்திக்கொள்ளவாவது முடியும். 1990களில் எமிரேட்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எகானமி வகுப்புக்கும் தனித்தனித் திரை கொடுத்தன. இன்று இரண்டிலும் தமிழ்ப் படங்கள் உண்டு. எண்ணிக்கையில் எமிரேட்ஸை விஞ்சுவது கடினம். பதினான்கு மணி நேரத்தில் ஐந்து படத்துக்கு மேல் பார்க்க முடியாதவருக்கு ஆயிரக்கணக்கான சேனல்கள் எதற்கு என்பது வேறு விஷயம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவருக்குத் துணைவரிகளே போதும். ஒரே படத்தில் ‘மாமா’ என்ற சொல் அங்கிள், டார்லிங், போலீஸ் என்று மூன்று அவதாரம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே பாரசீக வளைகுடாவைத் தாண்டிவிடலாம்.

ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. விமானம் போகும் பாதையைக் காட்டும் வரைபடத்தையே இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் படங்கள் இருந்தன. ஆனால் ஆங்கிலப் பட்டியலில் மூன்று படி உள்ளே போக வேண்டும். படம் போட்டுத் தரட்டுமா என்றதற்கு, “வேண்டாம் தம்பி. எங்க இருக்கோம்னு தெரிஞ்சாப் போதும்” என்றார். வரைபடத்துக்கு அவ்வளவு நல்ல ரசிகரை நான் பார்த்ததில்லை. அவர் கழிப்பறைக்குக்கூட இரண்டு பேரைத் தாண்டிப் போகத் தயங்கி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார் என்பதுதான் கவலை தந்தது.

காரணம் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் சுமார் ஆறாயிரத்தில் ஒருவருக்கு இது நேரலாம். பயப்பட வேண்டியதில்லை, எழுந்து நடக்க வேண்டும். படம் சுவாரசியமாக இருந்தால் அதுவும் தோன்றாது. போதாததற்கு, சில விமானங்களில் திரைக்கான மின்னணுப் பெட்டியை முன் இருக்கையின் அடியில் வைத்திருப்பார்கள். பொழுதுபோக்கு, கால் வைக்கும் இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டுவிடும்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடையில் நிற்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 விமானத்தில் 161 இருக்கைகள்தான். அவற்றில் எகானமி வகுப்பு ஒன்றுகூட இல்லை.

மற்றவர்கள் டிக்கெட் எடுக்கும்போது விமான எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ரகத்தைப் பார்க்கலாம். வயதானவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கலாம். ஜன்னல் ஓரத்தைச் சென்னையிலிருந்து துபாய் வரையிலான நான்கு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.