சின்ன ட்ரோன், பெரிய ஓட்டை

2025 ஜனவரி 9. லாஸ் ஏஞ்சல்ஸில் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்து கொண்டிருந்த நேரம். கனடாவிலிருந்து வந்த 'சூப்பர் ஸ்கூப்பர்' விமானம் கடலில் தண்ணீர் அள்ளித் தீயின் மேல் கொட்டிக் கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். இடது இறக்கையில் ஒரு சின்ன ட்ரோன் வந்து மோதியது.

நல்லவேளை, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் இறக்கையில் 3 அங்குலத்துக்கு 6 அங்குல ஓட்டை! பழுது பார்க்கும் வரை சில நாட்கள் அது பறக்கவில்லை. ஊரே எரியும்போது தண்ணீர் ஊற்ற ஒரு விமானம் குறைவு.

தீயை வேடிக்கை பார்க்க ட்ரோனை அனுப்பியவர், 2 கிலோமீட்டருக்கு மேல் பறக்கவிட்டு அதைக் கண்ணிலிருந்து தவறவிட்டார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த வான்பகுதியில் அன்று ட்ரோனுக்குத் தடை இருந்தது. தடை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

விமானிகள் ஒருவரையொருவர் பார்த்து விலகுவது பழைய விதி. இத்தனை சின்னப் பொருள் விமானியின் கண்ணில் எப்படிப் படும்? அமெரிக்காவில் ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறக்கும் 'ரிமோட் ஐடி' வந்தது. பொழுதுபோக்குக்குப் பறக்கும் 250 கிராமுக்கும் குறைந்த ட்ரோன்களுக்கு விலக்கு உண்டு. எடை குறைந்தால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கு.

நாளை ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏர் டாக்சிகளும் தாழ்வாகப் பறக்கப் போகின்றன. ரோட்டில் லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டியை யாராவது விடுவார்களா? வேடிக்கை பார்ப்பவருக்குச் செலவில்லை. அந்தச் செலவு வீடு எரிகிறவர் தலையில் அல்லவா விழுகிறது?