களைத்த கண்ணும் வங்கிக் கணக்கும்

ஸ்காபரோவில் ஏழெட்டுப் பேர் வேலைசெய்யும் கணக்காளர் அலுவலகம் ஒன்றின் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கப் போனால், நான் முதலில் கணினியைத் தொடுவதில்லை. கடைசியாக யார் லீவில் போனது, அந்த நாட்களில் அவருடைய மின்னஞ்சலை யார் பார்த்தது என்று விசாரிப்பேன். "அக்காதான் லீவிலயும் வீட்டில இருந்து பார்த்தவ" என்று பதில் வந்தால், அந்த அலுவலகத்தின் பலவீனம் பாதி விளங்கிவிடும்.

அந்த அக்காதான் சம்பளப் பட்டியல் போடுகிறார், தொலைபேசி எடுக்கிறார், பணம் அனுப்புகிறார், எல்லோருடைய கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கிறார். பெப்ரவரி முடிவுக்குள் ஊழியர்களின் ரி4 சம்பளப் படிவங்கள், ஏப்ரல் 30இல் வருமானவரிக் கெடு, பிறகு சுயதொழில் செய்வோருக்கு ஜூன் 15. வரித் திணைக்களத்தின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் குவியும் பருவமும் அதுதான். அனுப்பியவரின் முகவரியைக் கடைசி எழுத்துவரை வாசிக்கும் பொறுமையைத்தான் களைப்பு முதலில் பறிக்கிறது.

ஒரு விநியோகஸ்தரின் மின்னஞ்சலுக்குள் புகுந்த மோசடிக்காரர், வழக்கமான பில்லில் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி, வெள்ளி பின்னேரம் அனுப்புகிறார். தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர். ஆனால் அந்த அழைப்புக்கு இன்னொரு பத்து நிமிடம் வேண்டும்; பிள்ளையைக் கூட்டிவரும் நேரமோ தாண்டிவிட்டது. இதை அறியாமை என்று சொல்லி இன்னொரு பயிற்சிக் காணொளியை அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை வரையறுத்தபோது, களைப்போடு வேலையிலிருந்து மனம் விலகிப்போவதையும் சேர்த்தது. என் தொழிலில் நான் அதிகம் அஞ்சுவது இந்த விலகலுக்குத்தான். களைத்தவர் பிழைவிட்டாலும் பதறிக்கொண்டு வந்து சொல்வார். மனம் விட்டுப்போனவர் சொல்லமாட்டார். சொன்னால் அதைச் சரிசெய்யும் வேலையும் தனக்கே வரும் என்று அனுபவத்தில் கண்டவர் அவர். பணம் போன அன்றே வங்கிக்கு அறிவித்தால் மறிக்க வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அது கரைந்துபோகிறது. வாடிக்கையாளரின் சமூகக் காப்புறுதி இலக்கம் கசிந்து, கடும் பாதிப்பு வரக்கூடும் என்றால், 2018 நவம்பர் 1 முதல் தனியுரிமை ஆணையாளருக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் அறிவித்தாக வேண்டும். சின்ன அலுவலகம் என்று விலக்கில்லை.

களைப்பையே ஆயுதமாக்குவோரும் உண்டு. 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர், ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைபேசிக்கு நுழைவு அனுமதிக் கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். கடைசியில் அந்த ஊழியர் ஒன்றை ஏற்றுவிட்டார். "தம்பி, அது நிக்காம அடிச்சுக்கொண்டே இருந்தது, விட்டாக் காணுமெண்டு அமத்திப்போட்டன்" என்று இங்கேயும் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரையில் தெரியும் இலக்கத்தைக் கைபேசியில் பதிந்தால்தான் அனுமதி என்ற முறையை 2023 மே மாதம் மைக்ரோசொப்ட் கட்டாயமாக்கியது. களைத்தவரைக் கடிந்துகொள்ளாமல் பொத்தானைத் திருத்தினார்கள். நான் மதிக்கும் பாதுகாப்பு வேலை அதுதான்.

ரொறன்ரோவின் சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டது 2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு. ரொறன்ரோ பொது நூலகம் தாக்கப்பட்டது 2023 ஒக்டோபர் 28, சனிக்கிழமை. ஆள் இல்லாத நேரமும் அலுத்த நேரமும் தாக்குபவருக்கு வசதி. அந்த அலுப்பைக் குறைக்க ஒரு சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. என்னிடம் வருவோர் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே.

ஆகவே என் பரிந்துரைகள் சிலருக்கு விசித்திரமாகப் படும். மின்னஞ்சலை மட்டும் நம்பி எந்த வங்கிக் கணக்கையும் மாற்றக் கூடாது. பழைய கோப்பில் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்க வேண்டும். வெள்ளி மதியத்துக்குப் பின் புதிய கணக்குக்குப் பணம் போகாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும் விதியை எடுத்துவிடுகிறேன். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017இலேயே அந்தக் கட்டாயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, மார்ச், ஏப்ரலுக்கு அரைநேர உதவியாள் ஒருவர் என்று எழுதுகிறேன்.

"சொப்ட்வெயார் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ, ஆள் எடுக்க ஏலாது" என்கிறார்கள் முதலாளிமார். அவர்களும் இரவிரவாகக் கோப்புப் பார்ப்பவர்கள்தான்; அவர்களோடு எனக்குக் கோபமில்லை. சிலர் ஏப்ரலுக்கு மட்டும் சம்மதிப்பார்கள். அதற்கும் சரியென்கிறேன். வருகிற உதவியாளிடம், பணம் அனுப்புமுன் எடுக்க வேண்டிய அந்தத் தொலைபேசி அழைப்பை முதல் வேலையாக ஒப்படைக்கச் சொல்கிறேன்.