வெண்மையும் தெளிவும்

திருமண விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்த்த எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் 'சிவந்த நிறம்' என்ற இரண்டு சொற்களின் விலை தெரியும். முகப்பூச்சு வணிகத்தின் பெரும்பகுதி அந்தச் சொற்களை நம்பியே நடக்கிறது. ஆனால் ஒரு பூச்சினால் நமது நிறத்தை உண்மையில் என்ன செய்ய முடியும்? அஸ்கோர்பில் குளுக்கோசைட் என்னும் பொருளின் கதையில் இதற்கு விடை இருக்கிறது.

இது விற்றமின் சி-யின் வழித்தோன்றல். தூய விற்றமின் சி நீரில் கரைந்து காற்றுப் பட்டால் நிலைத்து நிற்காது. மஞ்சளாகிப் பழுப்பாகிக் கெட்டுவிடும். செறிவான அமிலக் கரைசலாகப் பூசினாலோ மென்மையான தோல் எரியும். ஜப்பானின் ஒகயாமாவைச் சேர்ந்த ஹயாஷிபாரா நிறுவனம் விற்றமினுடன் குளுக்கோசை இணைத்து அதனைப் பூட்டி வைத்தது. பூசிய பின்னர் தோலிலுள்ள நொதியம் அந்தப் பூட்டைச் சிறிது சிறிதாகத் திறக்க, விற்றமினும் மெல்ல வெளிப்படுகிறது. அதன் மென்மைக்குக் காரணம் இந்த நிதானமே. 1994 இல் ஜப்பானிய அரசு இதனை அங்கீகரித்தது.

வெளிப்பட்ட விற்றமின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வெயிலினால் தோலில் உருவாகும் நிலையற்ற மூலக்கூறுகளுக்குத் தன் இலத்திரன்களைக் கொடுத்து அவற்றை அடக்குகிறது. ஒட்சியேற்றத் தடுப்பு என்பது இதுதான். அடுத்து, தைரோசினேஸ் என்னும் நொதியம் மெலனின் நிறப்பொருளை உருவாக்கும் வழியில் இடைப்பொருளைப் பழைய நிலைக்குத் திருப்பி, உற்பத்தியைத் தாமதப்படுத்துகிறது. மேற்றோல் புதுப்பிக்கப்படுவதற்கே ஏறத்தாழ நான்கு வாரங்கள் செல்லும். ஆகவே பயன் தெரிய மாதங்கள் ஆகலாம். வெயிலில் இருந்து தோலைக் காக்காவிட்டால் அந்தப் பயனும் நில்லாது.

இத்தகைய பொருட்களுக்கு ஜப்பானியச் சட்டம் அனுமதிக்கும் வாசகம், 'மெலனின் உருவாவதைக் கட்டுப்படுத்திக் கரும்புள்ளிகளைத் தடுக்கும்' என்ற பொருள்படவே அமைந்தது. பிறப்பிலே வந்த நிறத்தை மாற்றும் என்று அது கூறவில்லை. கூறவும் முடியாது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறக்கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. அதைத் தீர்மானிப்பது மரபு.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன நேரும் என்பதற்கும் ஜப்பானே சாட்சி. கனெபோ நிறுவனம் பயன்படுத்திய ரோடோடென்ட்ரோல் என்ற பொருளும் 2008 இல் அரசின் அங்கீகாரம் பெற்றதுதான். ஆனால் தைரோசினேஸ் அதனை நச்சுப்பொருளாக மாற்றியது. அந்த நச்சு நிறக்கலங்களையே கொன்றது. 10,000 பேருக்கும் அதிகமானோரின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெண்திட்டுகள் படர்ந்தன. 2013 ஜூலையில் அப்பொருட்கள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. வெண்மை வேண்டிப் பூசியவர்களுக்கு வெண்மை கிடைத்தது. அவர்கள் கேட்ட வெண்மை அதுவன்று. கனெபோவின் தாய் நிறுவனமான காவோ, 'அழகிய வெண்மை' எனப் பொருள்படும் 'பிஹாகு' என்ற சொல்லைக் கைவிடுவதாக 2021 இல் அறிவித்தது.

இலங்கை உட்படப் பல நாடுகளின் சந்தைகளில் பாதரசம் கலந்த வெண்மைக் களிம்புகள் அகப்பட்டிருக்கின்றன. பாதரசமும் தைரோசினேஸைத்தான் முடக்குகிறது. ஆனால் தோலோடு நில்லாமல் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. உள்ளடக்கம் அச்சிடப்படாத களிம்பு, ஒரே வாரத்தில் நிறம் மாற்றுவதாக உறுதி கூறும் களிம்பு, இவற்றை மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்மார் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் கேட்க வேண்டும்.

நல்ல பூச்சு தோலின் கறையைத் தெளிவாக்கும். தோலைக் கறையாகக் கருதாது. வெயிலுக்கு எதிராக உடலே நெய்த கவசம் மெலனின். அந்தக் கவசத்தை அணிந்து பிறந்த பிள்ளையிடம் 'கொஞ்சம் வெளுத்தால் நல்லது' என்று சொல்லும் நாவுக்கு எந்த நிறுவனமும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அதனை வீட்டிலேதான் நாம் தயாரிக்க வேண்டும்.