கட்டுச்சோற்றின் அளவு

தமிழ்த்துறையில் பணியாற்றும் எங்கள் இருவருக்கும் கணினி என்பது மதிப்பெண்களை உள்ளிடும் பெட்டி மட்டுமே. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் வந்து அந்த எண்ணத்தைக் கலைத்தார்.

ஓசூர் சிப்காட்டில், இயந்திரங்களைக் கண்காணிக்கும் கருவி செய்யும் இடமொன்றில் அவர் பயிற்சிப் பணியாளர். படித்தது மின்னணுவியல், பகுதி ஒன்று தமிழ் மட்டும் எங்களிடம். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளி எல்லை தாண்டி வரும் மேலாளரிடம் கன்னடமும் ஆங்கிலமும். அவர் பொறுப்பிலிருந்த கருவி மூன்று நாட்களாக இயங்கத் தொடங்கவில்லை. திங்களன்று காரணம் சொல்லியாக வேண்டும். வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்தது. "உள்ள இருக்குங்க ஐயா, சொல்ல வரமாட்டேங்குது. உங்ககிட்ட ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்" என்றார்.

சொன்னார். மின்சாரம் வந்ததும் சற்று நேரத்தில் பூட்லோடர் என்னும் சிறு நிரல் விழிக்கிறது; அவர்களுடையது யூ-பூட். அது லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். கெர்னலுக்கு வேண்டிய கோப்புகள் சேமிப்பகத்தில் உள்ளன. சேமிப்பகத்தைத் திறக்கும் நிரலோ, சில வேளைகளில், அதற்குள்ளேயே இருந்துவிடுகிறது. பெட்டிக்குள் பெட்டியின் சாவி! எனவே பூட்லோடர் ஒரு சிறு கோப்புத் தொகுதியையும் நினைவகத்தில் வைக்கிறது. கெர்னல் அதை விரித்து, உள்ளிருக்கும் 'இனிட்' நிரலை இயக்கும். அது மெய்யான சேமிப்பகத்தைத் திறந்து, தான் இருந்த இடத்தைக் காலிசெய்து, பொறுப்பை அங்கே மாற்றிவிடும்.

ஆற்றுப்படை எங்கள் நினைவுக்கு வந்தது. பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்வரும் பாணனுக்கு வழி சொல்வான், உடன் போகமாட்டான். "இங்க கட்டுச்சோறும் கொடுத்தனுப்புறாங்க ஐயா" என்று சிரித்தார்.

"சோறு இருக்கும் இடம் கெர்னலுக்கு எப்படித் தெரியும், தம்பி?"

"டிவைஸ் ட்ரீன்னு வன்பொருள் விவரப் பட்டியல் ஒண்ணு இருக்கு. தொடக்க முகவரி, முடிவு முகவரி ரெண்டையும் யூ-பூட் அதில எழுதிவைக்கும்."

"முடிவு எது என்று யூ-பூட்டுக்கு யார் சொல்வது?"

அவர் பேசவில்லை. யூ-பூட்டுக்குரிய தலைப்பைச் சேர்த்துக் கட்டிய தொகுதியானால் அளவு அதிலேயே இருக்குமாம். இவர் கட்டியது தலைப்பில்லாத வெறும் தொகுதி. அப்படியானால் கட்டளையில் முகவரியை அடுத்து முக்காற்புள்ளியும், அதன்பின் அளவும் தரவேண்டும். இவர் முகவரியை மட்டும் தந்திருந்தார். 'வடிவம் தவறு' என்று திரை சொன்னதை நம்பி, பழுதில்லாத தொகுதியை மூன்று நாட்களாக அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறார். பையிலிருந்த மின்னணுப் பலகையை எடுத்து, அளவைச் சேர்த்து இயக்கினார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின.

திங்கள் மாலை தொலைபேசியில் அழைத்தார். எங்களிடம் சொன்ன வரிசையிலேயே ஆங்கிலத்தில் சொன்னாராம். இடையில் யாரும் நிறுத்தவில்லையாம். பணி ஆணை இன்னும் வரவில்லை.

நிறுத்தக்குறிப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பதைக் கடுமை என்று கருதி நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். மீண்டும் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டோம். பேச்சு அங்கே நிற்கவில்லை. இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு வழி சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு கட்டிக் கொடுத்தோம் என்று கேட்டால், எங்களால் அளவு சொல்ல முடியவில்லை.