பெருமாள்புரத்தில் ஒரு ஹஸ்கி

"அஞ்சேகாலுக்கு வந்திருங்க அண்ணாச்சி, ஏழு மணிக்கு மேல அவனை வெளிய எடுக்க முடியாது" என்று வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார். மே மாதம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அவர் வீட்டு கேட்டைத் திறந்தபோது இன்னும் விடியவில்லை, புழுக்கம் மட்டும் விடிந்திருந்தது. உள்ளேயிருந்து குரைப்புக்குப் பதில் நீளமாக ஓர் ஊளை. மூன்று வயது ஆண் சைபீரியன் ஹஸ்கி, 25 கிலோ, இரண்டு கண்ணும் நீலம்.

கழுத்துப்பட்டை கிடையாது, இழுத்து இழுத்து இருமுகிறானாம். நெஞ்சோடு சேர்த்து பெல்ட். கயிற்றை வாங்கிப் பிடித்தேன், தோள்பட்டை விண்ணென்றது. வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த இனம். 1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, சுமார் 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்தைக் கைமாற்றி கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தவை வண்டி நாய்கள்தான்.

"தினம் ஒரு மணி நேரம் ஓடுவான்" என்றார் வீட்டுக்காரர். நான் காலைப் பார்த்தேன். முன்னங்கால் நகங்கள் நீண்டு வளைந்து, டைல்ஸில் நடக்கையில் டக் டக்கென்று கேட்டன. தார் ரோட்டில் ஓடுகிற நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும். இவன் ஓடாததற்குக் காரணம் தெருமுனையிலேயே தெரிந்தது. நான்கு தெருநாய்கள் மறித்தன, திரும்பிவிட்டோம்.

பிறகு காரில் ஏற்றி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கொக்கிரகுளம் பக்கம் ஆற்றுக்குப் போனோம். தாமிரபரணியில் வயிறு நனைய இறங்கியதும் அவன் வேறு நாய். தண்ணீரை அறைந்தான், கரை மணலில் வட்டமடித்து ஓடினான், மறுபடி பாய்ந்தான். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆறே முக்காலுக்கு வெயில் ஏறியது. நாக்கு முழுக்க வெளியே தொங்க, நிழலை விட்டு வர மறுத்தான். நாய்க்கு உடம்பு வேர்க்காது. இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். காற்றில் ஈரம் மிஞ்சினால் அதுவும் பலிக்காது.

வீடு திரும்பியதும் நேரே ஏ.சி. அறை. கரண்ட் பில் கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒன்பதாயிரத்தைத் தாண்டுகிறதாம். முடியை ஒட்ட வெட்டலாமே என்று கேட்டேன். கூடாது, இரண்டு அடுக்கு ரோமத்தில் வெளியடுக்குதான் வெயிலையும் தடுக்கிறது. வீட்டுக்காரரின் அம்மா கூடையில் முடியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். "சோத்துலயும் இந்த முடிதான்யா. ஆனா அவன் திங்கலைன்னா எனக்குத் தொண்டையில இறங்காது."

2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாதவை என்று சில இனங்களை இங்கே பெருக்குவதைத் தடுக்கப் பார்த்தது. ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. காலையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அது சரியான யோசனை. இந்த வீட்டில் பாசத்துக்குக் குறையில்லை. ஆனால் நாளின் இருபத்துமூன்று மணி நேரத்தை அவன் ஓர் அறைக்குள் கழிக்கிறான்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்து குட்டி விலை கேட்டான். "நாப்பதாயிரம். அது பெருசில்லடே, நாலரைக்கு எந்திரிப்பியா?" என்றார் வீட்டுக்காரர்.

ஓடுற நாய் வேணும்னா கன்னி, சிப்பிப்பாறை பாரு தம்பி, கோவில்பட்டிப் பக்கமே கிடைக்கும், இதே வெயிலில் முயல் விரட்டிய நாய்கள் என்றேன்.

"அதுக்கு நீலக் கண்ணு இருக்காதே சார்" என்றான்.